ஞாயிறு முதல் புது ஆட்டம்: விளையாடும் முறை

நண்பர்களே, ஞாயிறு இரவு 8 மணிக்கு நம் புது ஆட்டம் தொடங்குகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு: ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். கதையை நடத்துவது நான். எல்லோரும் முதல் நிலையில்தான் தொடங்குகிறோம்.

உங்கள் பாத்திரம் என்ன செய்ய முயல்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். என்ன நடந்தது என்பதை நான் சொல்கிறேன். "பூதத்தின் தலையை வெட்டினேன்" வேண்டாம். "ஈரப் பாறையில் கால் ஊன்றி, பூதத்தின் கழுத்துக்குக் குறிவைத்து வாளை வீசுகிறேன்" என்று எழுதி, 20 முகப் பகடையை உருட்டுங்கள். வந்த எண்ணோடு உங்கள் கூட்டெண்ணை, அதாவது பாத்திரத்தின் திறமைக்காகச் சேரும் எண்ணைக் கூட்டுங்கள். அது பூதத்தின் கவச எண்ணை, அதாவது அதை அடிக்க எட்டவேண்டிய எண்ணைத் தொட்டாலே அடி விழும். பகடையில் 20 வந்தால், அடியால் எவ்வளவு சேதம் என்று காட்டும் சேதப் பகடைகளை இரண்டு மடங்காக உருட்டலாம். 1 வந்தால் குறி தவறியது, அவ்வளவுதான்.

அடுத்தவர் பாத்திரத்துக்காகப் பேசவோ முடிவெடுக்கவோ கூடாது. போன ஆட்டத்தில் ஒருவருடைய மந்திரவாதியை இன்னொருவர் தன் இஷ்டத்துக்கு ஓடவிட்டார். உரியவர் மனம் நொந்து விலகியே போனார். அவரை இழந்தது எனக்கு இன்னும் வருத்தம்.

சண்டையில் உங்கள் முறை வந்து 24 மணி நேரம் பதில் இல்லையென்றால், பாத்திரம் தற்காத்துக்கொள்வதாக வைத்து நகர்ந்துவிடுவோம். பரீட்சை, ஊர்ப் பயணம் என்றால் முன்கூட்டியே ஒரு வரி போடுங்கள்.

அப்புறம், உங்கள் பாத்திரத்தின் விவரங்களை எழுதிய பாத்திரத் தாளைச் சனிக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். காயம் ஆற்றும் பாத்திரத்தை இதுவரை யாரும் எடுக்கவில்லை.