உன் அப்பாவின் கேமராவும் என் இரண்டு சொட்டு எண்ணெயும்

அன்புள்ள மச்சான்,

பார்சல் வந்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாததற்கு மனதுக்குள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். திட்டு, தப்பில்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டத்தான் போகிறாய்.

மூட்டு வலி எப்படி இருக்கிறது? எனக்குக் கண்தான் தொல்லை. நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு திருகாணியும் தெரிவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் ஒரு மேஜையை எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் வெள்ளைத் துண்டை விரித்து, பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "பிரித்தது போதும், ஒன்றையாவது சேர்த்துக் காட்டுங்கள்" என்பது வீட்டில் நிரந்தரக் கேலி.

பெட்டியைத் திறந்ததும் அந்தத் தோல் உறையின் வாசனைதான் முதலில் வந்தது. உன் அப்பாவின் தோளில் தொங்கிய அதே உறை. உள்ளே பூஞ்சை பூத்திருந்தது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கேமராவை அதற்குள் போட்டு அலமாரியில் பூட்டினால் லென்ஸுக்கு நாமே பூஞ்சை வளர்த்துக் கொடுத்த மாதிரி. உறையை அன்றைக்கே வெயிலில் போட்டுவிட்டேன்.

"ஷட்டரை அமுக்கினால் சத்தம் வருகிறது, பின்மூடியைத் திறந்து பார்த்தால் வெளிச்சம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாய். பாதி நோயை நீயே கண்டுபிடித்துவிட்டாய். உள்ளே பற்சக்கரங்கள் ஓடுகின்றன, ஆனால் ஷட்டர் இதழ்கள் திறக்கவில்லை. இந்த மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் (இரட்டை பிம்பத்தை ஒன்றாக்கித் தூரம் பார்க்கிற வகை) ஷட்டர் லென்ஸுக்கு நடுவிலேயே இருக்கும். காகிதம்போல மெல்லிய எஃகு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து பூப்போல விரிந்து மூடும். நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரத்தில் இந்த வேலை முடிந்தாக வேண்டும். அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்கோ மிகச் சின்னது. ஒரு பொட்டு பிசுக்கு பட்டால் போதும், ஈரக் கண்ணாடித் துண்டுகள் இரண்டு ஒட்டிக்கொள்வதுபோல இதழ்கள் ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரம் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. எல்லா வளையங்களையும் திருகிப் பார்த்தேன், எங்கே இறுக்கம், எங்கே ஆட்டம் என்று குறித்துக்கொண்டேன், எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்தேன். ஸ்க்ரூ டிரைவர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல்குறித் திருகாணிகள் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. நம் வீட்டில் கிடக்கும் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் பள்ளத்தின் அடிவரை இறங்கி உட்காராது. அழுத்தித் திருகினால் வழுக்கி மேலே வந்து தலையைச் சிதைத்துவிடும். இது தெரியாமல் எத்தனை திருகாணிகளை மொட்டையடித்திருக்கிறேன்! இப்போது அந்த அளவுக்கே செய்த ஒரு செட் வாங்கிவிட்டேன். கழற்றுகிற வரிசையிலேயே, தாளில் வரைந்த கேமரா படத்தின்மேல் இருபக்க டேப் ஒட்டி, ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் ஒட்டி வைக்கிறேன். நீளம் கால் மில்லிமீட்டர் மாறினால்கூட உள்ளே எதையாவது இடிக்கும்.

இரண்டாவது வாரம் முன்வளையத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். லென்ஸைச் சுற்றி, பெயரும் அளவும் பொறித்த வளையம் இருக்குமே, அது. அதற்குக் கருவி வேண்டாம். ரப்பர் அடைப்பானை வைத்து அழுத்தித் திருப்பினால் வந்துவிடும். திருப்புவதற்கு முன் பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். வளையத்தில் எதிரெதிராக இரண்டு கீறல்கள். கூர்மையான எதையோ ஊன்றித் திருகப் பார்த்து, அது வழுக்கி இழுத்துக்கொண்டு போன கீறல்கள்.

அது டிவைடர் முனை, மச்சான். ஜியோமெட்ரி பெட்டி டிவைடர். என்னுடையது.

உனக்கு நினைவிருக்கிறதா? 1986, விடுதியில் நம் அறை. அப்பாவின் கேமராவைக் கேட்டு வாங்கி வந்திருந்தாய். ஷட்டர் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நான்தான் பெரிய மெக்கானிக் மாதிரி முன்னால் வந்தேன். டிவைடரால் வளையத்தைத் திருகி, முன் கண்ணாடியைக் கழற்றி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். மெஷின் என்றால் எண்ணெய் போட்டால் ஓடும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த பொறியியல் அவ்வளவுதான். ஓடவும் செய்தது. நீ என் முதுகில் தட்டிக் கொடுத்தாய். எண்ணெய் அப்புறம் மெல்லப் பரவி, தூசியைச் சேர்த்து, கெட்டியாகி இதழ்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முன் கண்ணாடியை எடுத்ததும் இதழ்கள் மேல் வானவில் நிறத்தில் மினுக்கம். அதைப் பார்த்ததும் எழுந்துபோய்விட்டேன். அன்றைக்கு வேலை செய்யவில்லை.

காரணம் எண்ணெய் மட்டும் இல்லை. சில வருடங்களுக்கு முன் பேசிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: உன் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது அப்பா எடுத்த ரோல் முழுக்க வெளிறி, ஆட்டம் கண்டு வந்தது, "எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுப்பா" என்று சொல்லிக் கேமராவை உறைக்குள் போட்டவர், அப்புறம் எடுக்கவே இல்லை. அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 60-இல் ஒரு பங்கு நொடியில் மூட வேண்டிய ஷட்டர் எட்டில் ஒரு பங்கு நொடி திறந்து கிடந்தால் யார் கையில் இருந்தாலும் படம் ஆடும். எட்டு மடங்கு வெளிச்சம் விழுந்தால் வெளிறாமல் என்ன செய்யும்? அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை அவரிடம் சொல்ல வழியில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

சரி, சுத்தம் செய்த கதையைச் சொல்கிறேன். சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தா திரவம் இதற்குத் தோது. எண்ணெயைக் கரைக்கும், கறை விடாமல் ஆவியாகிவிடும். ஜன்னல்களைத் திறந்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் தொட்டு இதழ்களில் வைத்தேன். ஷட்டரைத் தட்டினேன். திறந்தது! ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒட்டிக்கொண்டது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. நாப்தா ஈரமாக இருக்கும்வரை எல்லாம் ஓடும். அது காய்ந்ததும் கரைந்த எண்ணெய் திரும்ப இதழிலேயே படியும். ஒற்றி எடுக்க வேண்டும், மறுபடி தொட வேண்டும், மறுபடி தட்ட வேண்டும். மூன்று மாலை, மொத்தம் பதினோரு தடவை. கடைசியில் ஒற்றிய தாள் வெள்ளையாகவே வந்தது. வெளிச்சத் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் அபெர்ச்சர் இதழ்களுக்கும் அதே வைத்தியம். எண்ணெய் வேண்டிய இடம் ஒன்று உண்டு: மெதுவான வேகங்களுக்கான பற்சக்கரத் தொகுதியின் அச்சுகள். அங்கேயும் ஊசி முனையில் தொட்டு வைக்கிற அளவுதான்.

இதற்கு நடுவில் ஒரு விபத்து. அபெர்ச்சர் வளையத்தின் கீழே, ஒவ்வொரு எண்ணிலும் 'டிக்' என்று நிற்க வைக்கும் குட்டி எஃகுக் குண்டு ஒன்று உண்டு. கடுகு அதைவிடப் பெரிது. வளையத்தைத் தூக்கியதும் தெறித்துக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தரை முழுக்கத் தேய்த்தேன். குண்டு கிடைத்தது. போன வருடம் தொலைத்த இரண்டு திருகாணிகளும், யாருடையது என்றே தெரியாத ஒரு ஸ்பிரிங்கும் கூடவே வந்தன.

பின்மூடியின் விளிம்பில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஃபோம் இருந்த இடத்தில் தார் மாதிரி கறுப்புப் பிசின். அதில் யார் தப்பும் இல்லை. அந்தக் காலத்துப் பாலியூரித்தேன் ஃபோம் வயதானால் அப்படித்தான் கூழாகிவிடும். மரக் குச்சியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுமாக ஒரு மதியம் சுரண்டினேன். புது ஃபோமை வெட்டி ஒட்டும்போது ஒரு தந்திரம்: ஒட்டும் பக்கத்தை நாக்கால் நக்கி ஈரப்படுத்திக்கொண்டால் உடனே பிடிக்காது, நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். காய்ந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நான் நக்குவதைப் பார்த்து வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டோம்.

வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கான பேட்டரி அறையில் பச்சைக் காறல். வினிகரால் துடைத்து, அரித்துப்போன கம்பியை மாற்றிப் பற்றவைத்தேன். முள் அசைகிறது. ஆனால் இந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. பாதரசம் நஞ்சு என்று அவற்றை நிறுத்திவிட்டார்கள். அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் கிடைக்கும், போடாதே. வோல்ட் கூடுதலாக இருப்பதால் இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டும், படம் இருண்டு விழும். போதாததற்கு, தீரத் தீர வோல்ட் இறங்கி அளவும் மாறிக்கொண்டே போகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், கடைசிவரை நிலையாக நிற்கும். விட்டம் குறைவு என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிடும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். என்னிடம் இருக்கும் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் இந்தத் தலைவலியே கிடையாது. 1964-இல் வந்த கேமரா. மீட்டரில் இரண்டு பக்க மின்சாரத்தை ஒப்பிட்டு அளக்கும் பாலச் சுற்று வைத்திருப்பதால் வோல்ட் சற்று ஏறினாலும் இறங்கினாலும் அளவு மாறாது. ஒலிம்பஸ் ட்ரிப் 35 இன்னும் ஒரு படி மேல். லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் வெளிச்சத்திலேயே மின்சாரம் தயாரித்துக்கொள்ளும், பேட்டரியே வேண்டாம்.

வியூஃபைண்டர் மங்கலாக இருந்ததால் மேல்மூடியைத் திறந்தேன். உள்ளே பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி இருக்கிறது. அதன் பூச்சு பட்டுப்பூச்சி இறகுத் தூள் மாதிரி, துடைத்தால் போய்விடும். முன்பு வேறொரு கேமராவில் துடைத்துப் பாழாக்கிய அனுபவம் இருப்பதால் இதில் காற்று ஊதியதோடு சரி. மற்ற கண்ணாடிகளை மட்டும் துடைத்தேன். பிறகு ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் மங்கலான டேப்பை ஒட்டி, பொத்தானை அமுக்கியிருக்கும்வரை மூடாத 'பி' நிலையில் ஷட்டரைத் திறந்து வைத்து, தூரத்துக் கோபுரம் ஒன்றின் உச்சியைப் பார்த்தேன். முடிவிலியில் கூர்மையாக விழுந்தது. ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டை பிம்பம் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. ஒரு திருகாணியில் கால் சுற்று, சரியாகிவிட்டது.

லென்ஸின் பின் கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. ஹைட்ரஜன் பெராக்சைடால் துடைத்ததில் போய்விட்டது. ஆனால் பூஞ்சை கக்கும் அமிலம் பூச்சில் லேசாகத் தடம் பதித்திருக்கிறது. சூரியனுக்கு நேராக எடுத்தால் கொஞ்சம் புகைமூட்டமாகத் தெரியும். அவ்வளவுதான், அதைப் பார்த்து வருத்தப்படாதே.

வேகங்களை ஃபோனில் நொடிக்கு 240 சட்டகம் ஓடும் ஸ்லோ மோஷனில் எடுத்து எண்ணிப் பார்த்தேன். 30-க்கு, அதாவது 30-இல் ஒரு பங்கு நொடிக்கு, எட்டு சட்டகம் வர வேண்டும், ஒன்பது வந்தது. 15-க்குப் பதினாறு வர வேண்டும், இருபத்தொன்று வருகிறது. எவ்வளவு சுத்தம் செய்தும் அது மட்டும் மசியவில்லை. வேகமானவற்றை ஃபோனால் அளக்க முடியாது. ஒளி உணரியைக் கணினியின் மைக் துளையில் சொருகி, ஒலிப்பதிவு அலையைப் பார்த்து அளந்தேன். 500 என்பது உண்மையில் 380-க்குப் பக்கம். எல்லாமே அரை ஸ்டாப்புக்குள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி). நெகட்டிவ் ஃபிலிம் இதையெல்லாம் கண்டுகொள்ளாது.

நாளை அனுப்புகிறேன். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை; ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். மாதம் ஒரு தடவை ஃபிலிம் இல்லாமலேயே எல்லா வேகத்திலும் பத்து பத்து முறை தட்டு. ஷட்டரை இழுத்து வைத்த நிலையில் மாதக்கணக்கில் விடாதே, ஸ்பிரிங் களைத்துவிடும். இன்னொன்று: உன்னிடம் ஃபிளாஷ் உள்ள குட்டி பிளாஸ்டிக் கேமரா ஒன்று இருப்பதாகச் சொன்னாயே, என் கடிதத்தைப் படித்துவிட்டு உற்சாகத்தில் அதைத் திறந்துவிடாதே. பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே கபாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். தூக்கிப் போடும்.

முன்வளையத்தின் கீறல்களில் கறுப்புப் பெயின்ட் தொட்டு மறைத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. பிரஷ்ஷைக்கூட எடுத்தேன். அப்புறம் அப்படியே விட்டுவிட்டேன். ரோல் ஒன்று போட்டு உன் அக்காவை ஒரு படம் எடு. 60-இலேயே எடு, 15 பக்கம் போகாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்

பின்குறிப்பு: தோல் உறையைத் திருப்பிக் கேட்காதே. கேட்பாய் என்று தெரியும். வெயிலில் காய்ந்து, பூஞ்சை போய், என் அலமாரியில் தனியாகத் தொங்குகிறது. நீ நேரில் வந்தால் தருகிறேன்.