ஏ.சி. இருந்தால் காற்றோட்டம் இருப்பதாகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு பலன்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் சென்னையில் பல அலுவலகங்களில் இதற்கு ஒதுக்குவது வேறு எதற்கும் ஆகாத ஓர் அறையை. ஜன்னல் கிடையாது, இருந்தாலும் அடைத்திருக்கும். மேலே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், சுவரில் ஒரு ஸ்ப்ளிட் ஏ.சி. வீடுகளை மாற்றி நடத்தும் பிளே ஸ்கூல்களிலும் இதே ஏற்பாடுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த அறைகளுக்குள் நுழைந்ததும் பூசண வாடை அடிக்கிறது. அதை மறைக்கச் சாம்பிராணியோ ரூம் ஸ்ப்ரேயோ போடுவார்கள். வாடை அடங்கும், பூசணம் அப்படியே இருக்கும், புகை கூடுதலாகச் சேரும்.

ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. 12-க்கு 15 அடி அறையில் 15 குழந்தைகளும் 2 ஆயாக்களும் இருந்து கதவையும் சாத்திவிட்டால், கரியமில வாயு அரை மணிக்குள் 1,000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,000 பங்கு) தாண்டிவிடும் (வெளியே சுமார் 420). ஹெப்பா என்னும் நுண்துகள் வடிகட்டி உள்ள ஏர் ப்யூரிஃபையர் பூஞ்சை வித்துகளைப் பிடிக்கும். கரியமில வாயுவையும் ஈரத்தையும் அது தொடக்கூட முடியாது.

எவ்வளவு வெளிக்காற்று வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. குழந்தைகள் காப்பகத்துக்கு ஆஷ்ரே (அமெரிக்க ஏ.சி. பொறியாளர் சங்கம்) தரநிலை சொல்வது, ஆளுக்கு நிமிடத்துக்கு 10 கன அடி, அதோடு தரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 0.18 கன அடி. மேலே சொன்ன அறைக்கு இது நிமிடத்துக்கு சுமார் 200 கன அடி, அதாவது மணிக்கு சுமார் 340 கன மீட்டர். வலையும் ஷட்டரும் கொஞ்சம் தடுக்கும் என்பதால், பெட்டியில் மணிக்கு 450 கன மீட்டருக்குக் குறையாமல் போட்டிருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனாக வாங்க வேண்டும். மாட்டுகிற இடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கதவுக்குப் பக்கத்திலேயே ஃபேன் இருந்தால் கதவிடுக்குக் காற்று நேரே அதற்குள் போய்விடும், அறையின் மறுகோடியில் காற்று அசையாது. காற்று நுழையும் துவாரம் எதிர்ச்சுவரில், வெளிப்புறம் பார்த்து இருக்க வேண்டும். ஃபேனுக்குத் தனி சுவிட்ச் வேண்டாம், கரண்ட் மிச்சம் என்று யாராவது அணைத்துவிடுவார்கள். டியூப் லைட்டோடு சேர்த்து ஒயரிங் செய்வதே மேல்.

இதற்கு விலை உண்டு. மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்று சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் வியர்த்துவிடும். அந்தக் காற்றை மேற்சொன்ன அளவில் உள்ளே விட்டு, ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குள் வைக்க வேண்டுமானால் ஏ.சி. மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும். ஏ.சி.யை 18-ல் வைத்துவிட்டு ஜன்னலையும் பாதி திறந்து வைப்பது எல்லாவற்றிலும் மோசம். ஏ.சி. காற்று வரும் கிரில்லைச் சுற்றியும், பக்கத்துச் சுவரிலும், பீரோவுக்குப் பின்னாலும் ஈரம் கோக்கும், ஒரு வாரத்தில் கரும்புள்ளி விழும். 26-ல் வைத்து சீலிங் ஃபேனையும் ஓட விட்டால் குழந்தைகளுக்கும் போதும், சுவரும் வியர்க்காது. ஏ.சி. தேவைக்கு மேல் பெரிதாக இருந்தாலும் தொல்லைதான். சட்டென்று குளிர்வித்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் காற்றிலேயே தங்கும்.

அந்த 3 லிட்டரும் ஒரு சின்ன டிரெயின் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். குழாய் வாட்டம் இல்லாமல் தொங்கினாலோ, உள்ளே வழவழவென்று பாசி பிடித்தாலோ, தண்ணீர் தட்டிலிருந்து வழிந்து யூனிட்டின் முதுகுப்பக்கச் சுவரில் இறங்கும். யூனிட்டுக்குக் கீழே பெயின்ட் உப்பியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவி, டிரெயினில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பார்த்தால் போதும்.

தரையில் போடும் ஃபோம் பஸில் மேட்டைத் தூக்கிப் பார்த்தவர் குறைவு. துடைத்த ஈரம் இணைப்பு வழியாக அடியில் இறங்கி அங்கேயே தங்குகிறது. குழந்தைகள் மூக்கு அதற்கு ஓரடி மேலேதான். தினமும் சாயங்காலம் எடுத்து நிறுத்தி வைக்க வேண்டும்.

பூசணம் வந்துவிட்டால், ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால், குழந்தைகள் இல்லாத நேரத்தில் என்95 முகக்கவசத்தோடு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிட்டுச் சுவரை உலரவிடலாம். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பரவும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். ஜிப்சம் பலகை நனைந்து இரண்டு நாளில் காயவில்லை என்றால் கழற்றி எறிய வேண்டியதுதான். ஓதத்தின் மேல் பட்டி பூசி பெயின்ட் அடிப்பது அடுத்த மழை வரைக்கும்கூட நிற்காது.

சில இடங்களில் காற்றுப் பரிசோதனைச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் திறந்து வைத்த பெட்ரி தட்டில் (பூஞ்சை வளர்த்துப் பார்க்கும் சிறு தட்டு) விழுவதை எண்ணினால், சீக்கிரம் படியும் கனமான வித்துகளே அதிகம் கணக்கில் வரும். அஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகளின் சிறு வித்துகள் குறைவாகவே விழும். அதே நாளில் வெளிக்காற்றிலும் மாதிரி எடுத்து ஒப்பிடாத எண்ணுக்கு அர்த்தமும் இல்லை. இவ்வளவுக்குள் இருந்தால் பாதுகாப்பு என்கிற மாதிரி ஒரு பூஞ்சை எண்ணை உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ம் ஆண்டு வழிகாட்டுதலும் தரவில்லை. ஈரத்தைத் தடுக்கத்தான் சொல்கிறது.

அனுமதி தரும் அதிகாரிகள் அறையின் சதுர அடியை அளக்கிறார்கள், ஜன்னலை எண்ணுகிறார்கள். கூடவே ஒரு ஈரப்பதமானியும் கரியமில வாயு மீட்டரும் கொண்டுபோய், குழந்தைகள் தூங்கும் பிற்பகலில், அவர்கள் படுத்திருக்கும் உயரத்தில் வைத்துப் பார்க்கலாம். பெற்றோர் கூட்டத்திலும் எக்ஸாஸ்ட் ஃபேன் எந்தச் சுவரில் இருக்கிறது, காற்று எந்த வழியாக நுழைகிறது என்று கேட்கலாம்.

இப்படிக்கு,
காற்றோட்டப் பொறியாளர் ஒருவர்,
சென்னை