எண்ணெயும் வழிகிறது, இழுக்கவும் செய்கிறது

அன்புள்ள வசு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்து போடுகிற பொறுப்பை அண்ணனிடம் விட்டுவிட்டாயா, இல்லை அதற்கும் நீயே தினம் போன் போட்டுக் கத்துகிறாயா? இங்கே எல்லோரும் சுகம், சின்னவன் பத்தாவது என்பதால் டிவிக்கு மட்டும் ஊரடங்கு.

சரி, உன் முகத்துக்கு வருகிறேன். மத்தியானத்துக்குள் மூக்கும் நெற்றியும் வழிகிறது, ஆனால் கழுவித் துடைத்ததும் கன்னம் இழுக்கிறது, பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கிறது என்கிறாய். எண்ணெய் ஒரு கணக்கு, தண்ணீர் வேறு கணக்குடி. சுண்டிப்போன வத்தக்குழம்பில் மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் ஈரமே இருக்காது, அதுதான் உன் நிலைமை. எண்ணெயைப் பார்த்துப் பயந்து ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவுகிறாய் பார், அங்கேதான் மிச்சமிருக்கிற ஈரமும் போகிறது.

கோயம்புத்தூரில் இருந்தவரை உனக்கு இந்தத் தொல்லை கிடையாது, கவனித்தாயா? சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த முகம் இப்போது சென்னை ஓ.எம்.ஆர். போர்வெல் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளிக்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, பக்கெட் ஓரத்தில் படிகிற அந்த வெள்ளைப் பிசுக்காக மாறும், தோலிலும் அது கொஞ்சம் ஒட்டும். எஸ்.எல்.எஸ். என்று லேபிளில் போடுவார்களே, நுரைக்காகச் சேர்க்கிற சோடியம் லாரில் சல்பேட், இந்த மாதிரிக் கடினமான தண்ணீரில் கழுவினால் அது தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சல் உண்டாக்குகிறது என்று ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தே சொன்னார்கள். இதற்கு மேல் நாள் முழுக்க ஆபீஸ் ஏசி வேறு.

அதனால் முதலில் சோப்பை முகத்திலிருந்து எடு. தோலின் பி.ஹெச்., அதாவது அமில-காரக் கணக்கு, 5-ஐ ஒட்டி இருக்கும், நம்பர் ஏற ஏறக் காரம், சாதாரண சோப்பு 9, 10-க்குப் போகும். டி.எஃப்.எம். 76 சதவீதம், கிரேடு 1 என்று உன் வீட்டுக்காரர் பார்த்து வாங்குகிறாரே, அது சோப்பில் கொழுப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், காரத்தன்மையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உடம்புக்கு அவர் இஷ்டப்படி இருக்கட்டும்.

ஃபேஸ் வாஷ் வாங்கும்போது முன்பக்கம் எலுமிச்சைப் படமும் கரியும் வேப்பிலையும் என்ன இருந்தாலும் பார்க்காதே, பின்பக்கம் திருப்பு. கோகோயில் ஐசெதியோனேட், கோகமிடோப்ரோபில் பீட்டைன், டெசில் குளுக்கோசைடு, இந்த மாதிரிப் பெயர்கள் பட்டியலில் முதலில் இருந்தால் பெரும்பாலும் மென்மையானது. நுரை குறைவாக வந்தால் சுத்தமாகவில்லை என்று நினைக்காதே. சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ் வாஷ் பருவுக்கு நல்லதுதான், ஆனால் இழுக்கிற முகத்துக்கு இரண்டு வேளையும் வேண்டாம். கழுவிவிட்டு ஒன்றும் பூசாமல் அரை மணி நேரம் இருந்து பார், இழுத்தால் அந்த ஃபேஸ் வாஷ் உனக்கு ஆகாது, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி. ராத்திரி ஒரு தடவை போதும், காலையில் வெறும் தண்ணீர். நடுவில் எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடு, தேய்க்காதே. அத்தை சொல்கிற கடலை மாவையும் கொஞ்ச நாள் தள்ளி வை, அவர்கள் மனசு கோணாமல் எப்படிச் சொல்வாய் என்பது உன் சாமர்த்தியம்.

பகலில் பூசுவதற்கு ஜெல் மாதிரி லேசான மாய்ஸ்சரைசர் எடு. கிளிசரின் பட்டியலில் மேலே இருக்கட்டும். ஹயலூரானிக் ஆசிட் என்று ஊரே கூவுகிறது, கெடுதல் இல்லை, ஆனால் அதற்காக ஆயிரம் ரூபாய் தர வேண்டாம், ஈரத்தை இழுத்து வைக்கிற அந்த வேலையைக் கிளிசரின் மலிவான விலையில் செய்யும். நியாசினமைட் என்கிற பி3 வைட்டமின் இருந்தால் இன்னும் நல்லது. 2 சதவீதத்திலேயே எண்ணெய்ச் சுரப்பு கொஞ்சம் அடங்கியதாக ஆய்வு இருக்கிறது, 10 சதவீதம் போட்டு முகத்தைச் சிவக்க வைத்துக்கொள்ளாதே. டைமெத்திகோன் என்ற சிலிகானைப் பார்த்துப் பயப்படாதே, அது பிசுபிசுப்பில்லாமல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஷியா பட்டர், தேங்காய் எண்ணெய் கலந்தது உனக்கு வேண்டாம். ‘நான்-காமெடோஜெனிக்’, அதாவது தோல் துவாரத்தை அடைக்காது, என்று அட்டையில் போடுவதற்குக் கறாரான சட்ட அளவுகோல் கிடையாது, அதை மட்டும் நம்பி வாங்காதே. முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூசு.

அதற்கு மேல் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிரைச் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98, ஆக நம்பரைவிட அளவுதான் முக்கியம், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். பொட்டு வைக்கிற அளவுக்குத் தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லாதே. மே மாதப் புழுக்கத்தில், சன்ஸ்கிரீனிலேயே கிளிசரின் இருந்தால், தனி மாய்ஸ்சரைசரை விட்டுவிடலாம். செலவு செய்வதென்றால் நான் இதில்தான் செய்வேன்.

ஒன்று கேட்க மறந்தேன். மூக்கு ஓரத்திலும் புருவத்திலும் சிவந்து செதில் உதிர்கிறதா? அப்படியானால் அது வறட்சி இல்லாமல் பொடுகு வகையாக இருக்கலாம், இந்தக் கிரீம் எதுவும் கேட்காது, தோல் டாக்டரிடம் போய்விடு. மெடிக்கல் ஷாப்பில் தம்பி எடுத்துக் கொடுக்கிற டியூபை மட்டும் வாங்காதே. ஸ்டீராய்டு கலந்ததை முகத்தில் மாதக்கணக்கில் பூசி, நிறுத்தினதும் எரிச்சலோடு அலைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது பாத்ரூமில் இருக்கிற ஃபேஸ் வாஷின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு, படித்துச் சொல்கிறேன். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றாதே, முதலில் ஃபேஸ் வாஷ், இரண்டு வாரம் கழித்து மற்றது. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மீனா