கைதூக்கிய நாற்பது வீட்டாருக்கு

நம் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கு, வணக்கம்.

பொங்கலுக்குக் கரும்பு எத்தனை கட்டு வாங்கலாம் என்று கேட்கத்தான் வழக்கமாக உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுவேன். இந்த முறை விஷயம் வேறு. வருகிற ஞாயிறு பொதுக்குழு. கேட்டில் வைத்திருக்கும், முகம் பார்த்து ஆளை அடையாளம் காணும் கருவியையும், வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆப்பில் நட்சத்திர மதிப்பெண் போடுவதையும் இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கத் தீர்மானம் வரப்போகிறது. போன தடவை அதற்கு நாம் நாற்பது வீட்டாரும் கைதூக்கினோம். நானும் தூக்கினேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு வருடமாக வேலைக்கு வரும் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். போன மாதம் அவருடைய தாயார் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, காலை ஆறே முக்காலுக்குக் கேட்டில் முகத்தைக் காட்டியிருக்கிறார். சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. பதினைந்து நாள் வராதவர்களை ஆப் தானாகவே பட்டியலிலிருந்து எடுத்துவிடுமாம். அவர் வேலை பார்த்த வீடுகளுக்கெல்லாம் 'பணியிலிருந்து விலகிவிட்டார்' என்று அதுவே செய்தியும் அனுப்பிவிட்டது. இரண்டு வீட்டில் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

"சிஸ்டம்ல இல்லம்மா" என்றாராம் செக்யூரிட்டி தம்பி, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில். அசாமிலிருந்து வந்த பையன். இரண்டு வருடமாக தினம் காலையில் அந்த அம்மாவைப் பார்த்து நமஸ்தே சொல்கிறவன். அவர் யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கேட்டைத் திறக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை. எட்டேகால் வரை அவர் வெளியில் நின்றார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் வாக்கிங் போனவர்கள், ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளையை ஏற்றிவிட வந்தவர்கள் என்று நம்மில் எத்தனையோ பேர் அவரைக் கடந்து போயிருப்போம்.

ஏன் எனக்கு ஒரு போன் செய்யவில்லை என்று கேட்டேன். "நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன் ஐயா" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. தாயைப் புதைத்துவிட்டு வந்தவர், தன் பக்கம்தான் தவறு இருக்கும் என்று நம்பி ரோட்டோரம் நின்றிருக்கிறார். செயலாளரிடம் போனேன். அது ஆப் நடத்தும் கம்பெனியின் விதி என்றார். கம்பெனிக்குப் போன் போட்டால், உங்கள் கமிட்டி தேர்ந்தெடுத்த அமைப்புதான் சார் என்றார்கள். கமிட்டியில் கேட்டால், அது முதலிலிருந்தே அப்படித்தான் வந்தது, யாரும் மாற்றவில்லை என்றார்கள். மூவரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. அதுதான் என் பயமே. ஒரு மனுஷியை ஒன்றரை மணி நேரம் வெளியே நிறுத்தும் முடிவை யாருமே எடுக்கவில்லை, ஆனால் அது நடந்துவிட்டது.

சரி, இந்தக் கருவி எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? சி பிளாக்கில் ஒரு தங்கச் சங்கிலி காணோம். அன்று சாயங்காலம் குழாய் ரிப்பேருக்கு வந்துபோன ஒருவரின் போட்டோ வாட்ஸ்அப்பில் ஏறியது. ராத்திரி பத்து மணிக்குள் இருநூறு செய்தி. யார் யாரெல்லாமோ, எனக்கும் ஒரு தடவை சந்தேகம் வந்தது என்று எழுதினார்கள். நாலு நாள் கழித்து அந்தச் சங்கிலி அவர்கள் வீட்டு சூட்கேஸிலேயே கிடைத்தது. கிடைத்த செய்திக்கு வந்தவை ஆறேழு கைகூப்புகள்தான். அடுத்த வாரம் கருவிக்கான தீர்மானம் வந்தபோது சங்கிலி கிடைத்துவிட்டதே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பயம் போய்விட்டது, பயத்தில் கேட்ட கருவி மட்டும் தங்கிவிட்டது.

இந்த ஊர் இதை முன்பே பார்த்திருக்கிறது. 2012 ஆகஸ்டில், வடகிழக்குக்காரர்களைத் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு வதந்தி கிளம்பியது. சுதந்திர தினத்தை ஒட்டி இரண்டு மூன்று நாளில் ஆயிரக்கணக்கான பேர் பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் குவிந்து குவாஹாத்திக்கு ரயில் ஏறினார்கள். சிறப்பு ரயில்கள் விட வேண்டியிருந்தது. அடுத்து வந்தது, ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாதபடி பதினைந்து நாள் தடை. நாடு முழுவதற்கும். கலங்கிய கூட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துச் சமாதானப்படுத்தும் வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய ஆளில்லாதபோது ஒரு பொத்தானைத் தட்டி அடக்கத்தான் யாருக்கும் தோன்றும்.

2020 மார்ச் கடைசியில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்கள் காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மணிக்கொரு செல்ஃபி அனுப்ப வேண்டும் என்று கர்நாடக அரசு உத்தரவு போட்டது. அதற்கு முன்பே, தனிமையில் இருக்கிறவர்களின் முகவரிப் பட்டியல் வெளியாகிவிட்டது. அப்போது நம் ஏ பிளாக்கில் ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் பால்கனிக்கு வந்தால் எதிர் பிளாக்கிலிருந்து போட்டோ எடுத்துக் குழுவில் போட்டவர்கள் நாம்தான். அதை எந்த அரசும் நம்மிடம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் ஒரு சோதனை செய்தார். அட்டையில் சில கோடுகள். எது எதற்குச் சமம் என்று சொன்னால் போதும், குழந்தைகூடச் சொல்லிவிடும். அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் கூசாமல் தப்பான கோட்டைக் காட்டுவார்கள். கடைசியில் பதில் சொல்ல வேண்டிய அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கண்ணெதிரே தெரிவதை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பதிலைச் சொன்னார்கள். அன்று கிளப்ஹவுஸில் என் கை எழுந்தது இப்படித்தான். முன்வரிசையில் எல்லாக் கையும் மேலே போயிருந்தன. என் மனதில் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்டால் திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைப்பார்களோ என்று கூசினேன். ஆஷ் இன்னொன்றும் கண்டார். கூட்டத்தில் வேறு ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், கூட்டத்தோடு போவது கால்வாசியாகக் குறைந்துவிடுகிறது.

நான் இயந்திரத்துக்கு விரோதி என்று யாரும் எண்ண வேண்டாம். முப்பத்தைந்து வருடம் தூரவாணிநகரில் ஐ.டி.ஐ. என்ற அரசு டெலிபோன் தொழிற்சாலையில் எக்ஸ்சேஞ்ச் செய்தவன். ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்த ஸ்ட்ரோஜர் அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் நடத்தியவர். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் அம்மா போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று கோபப்பட்டு, ஆபரேட்டரே தேவைப்படாத இணைப்பு முறையை உருவாக்கி 1891இல் காப்புரிமை வாங்கினார் என்று சொல்வார்கள். மனிதர் காட்டும் ஓரவஞ்சனையை இயந்திரம் நீக்கும் என்ற அந்த நம்பிக்கை பொய்யில்லை. நானே அதைக் கையால் கோத்து உருவாக்கியிருக்கிறேன். ஆனால் யார் பேச வேண்டும் என்று ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச் தீர்மானிப்பதில்லை. நாம் சுற்றிய எண்ணுக்குப் போய்ச் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஃபேக்டரியில் எங்களையும் கணக்கெடுத்தார்கள். பஞ்ச் கார்டு உண்டு, ஐந்து நிமிஷம் தாமதமானால் சிவப்பு மையில் விழும். ஆனால் அந்தக் கார்டு என் கையில் இருந்தது. என்ன விழுந்திருக்கிறது என்று என் கண்ணால் பார்த்தேன். தப்பாக விழுந்தால் டைம் ஆபீஸில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், அவரோடு சண்டை போடலாம். அவர் கேட்கவில்லை என்றால் யூனியன் இருந்தது. 1980 டிசம்பரில் தொடங்கி ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி. என்று இந்த ஊர் அரசுத் தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து 77 நாள் வேலை நிறுத்தம் செய்தோமே, அதில் நின்ற பலர் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருந்த நம் ஆட்கள்தான். நம்மில் சிலருடைய அப்பாக்கள். அவர்களை நிர்வாகம் நட்சத்திரத்தால் அளந்து, அளந்ததைக் காட்டாமல், காரணமும் சொல்லாமல் கேட்டில் நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அம்மாவின் நட்சத்திரம் 4.6இலிருந்து 3.1க்கு விழுந்திருக்கிறது. வராத நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறது. தனக்கு நட்சத்திரம் இருப்பதே நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

1930களில், அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்த காலத்தில், டெக்னாக்ரசி என்று ஓர் இயக்கம் நடந்தது. அரசியல்வாதிகளை அனுப்பிவிட்டு இன்ஜினியர்களிடம் நாட்டைக் கொடுங்கள், பணத்துக்குப் பதில் எரிசக்திக் கணக்கில் எல்லாவற்றையும் பங்கிடுவோம் என்றார்கள். அந்த இயக்கத்தார் ஒரே மாதிரி சாம்பல் நிற உடை போட்டுக்கொண்டார்கள். பசியில் இருந்த மக்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். நாட்டை அவர்கள் பிடிக்கவில்லை. ஆனால் நிபுணர் பார்த்துக்கொள்வார், நாம் பேச வேண்டாம் என்ற அந்த ஆசை இந்த ஊரில் நம் எல்லோரிடமும் இருக்கிறது. பாதிப் பேர் அந்தத் தொழிலிலேயே இருக்கிறோம். பொதுக்குழு மூன்று மணி நேரம் இழுக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோம். எனக்கும் அலுப்பு உண்டு. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில்தான் ஒருவர் எழுந்து, ஏன் என்று கேட்க முடியும்.

இதே பெங்களூரில் குடியிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012இல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனபோது அவருக்கு வயது 86. ஆதார் ஆணையத்தின் முதல் தலைவரும் இந்த ஊர்க்காரர்தான். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். தன் பெயரில் வந்த அந்தத் தீர்ப்பைப் பார்த்தபோது அவருக்கு 91 வயது.

நம் கார்களுக்குக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் போதும், தடை தானாக மேலே போகிறது. நம் முகத்தை யாரும் கேட்பதில்லை. முகம் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டு வேலை செய்கிறவர்கள், பால் போடுகிறவர், இஸ்திரிக்காரர், டிரைவர்கள். அவர்களில் ஒருவருக்கும் அன்று ஓட்டு இல்லை. 2023இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது சுதந்திரமாக, விவரம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. முகம் காட்டாவிட்டால் வேலை இல்லை என்று நிற்கும் இடத்தில் அது எப்படிச் சுதந்திரமான சம்மதம் ஆகும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நட்சத்திரத்தை எடுத்துவிடலாம். யாரைப் பற்றியாவது குறை இருந்தால் நேரில் சொல்லலாம், நாமும் பதில் கேட்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தால், நோட்டில் எழுதிக்கொண்டு கேட்டைத் திறக்கும் உரிமை செக்யூரிட்டிக்கு வேண்டும். அவன் மனிதர்களை அடையாளம் தெரிந்தவன். முகப்பதிவு வேண்டாம் என்பவர்களுக்கு பழையபடி போட்டோ அட்டை கொடுக்கலாம். வேலையை விட்டுப் போகிறவர்களின் பதிவை அழித்துவிட வேண்டும், அழித்ததை அவர்களுக்குச் சொல்லவும் வேண்டும். நீட்டிப்பு அவசியம் என்று நினைத்தால் மூன்று வருடம் வேண்டாம், ஆறு மாதம் போடுங்கள், அப்புறம் திரும்பப் பேசுவோம்.

இன்னொரு வேண்டுகோள். அந்த அம்மாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசவிடச் சொல்லித் தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விதிப்படி வீட்டு உரிமையாளர்கள் மட்டும்தான் பேசலாம், ஆனால் பத்து வீட்டார் கையெழுத்துப் போட்டால் அனுமதிப்பேன் என்றிருக்கிறார். என் கையெழுத்தும் டி பிளாக் அக்காவின் கையெழுத்தும் ஆயிற்று, இன்னும் எட்டு வேண்டும். அந்த அம்மா தமிழில்தான் பேசுவார், கன்னடத்திலும் இங்கிலீஷிலும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், பிள்ளைகளில் ஒருவர் வந்தால் நல்லது. கூட்டம் பத்தரைக்கு. டி பிளாக் வேலை முடிந்து அவர் வர பதினொன்றாகும். அதுவரை அந்தத் தீர்மானத்தை எடுக்காமல் மற்ற கணக்குகளைப் பேசிக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
பி பிளாக், மூன்றாம் மாடி