ஞாயிறு காலை கற்பித்தல் பயிற்சி: வெள்ளிக்குள் பதில் தேவை

எல்லோருக்கும் வணக்கம். நம் பேட்சில் நிறையப் பேர் வார்டு வேலையோடு நர்சிங் மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். நன்றாக ஊசி போடத் தெரிவது வேறு, அதை இன்னொருவருக்குக் கற்றுத்தருவது வேறு; இரண்டாவதற்கும் பயிற்சி வேண்டும். அதற்காக வரும் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை கூகுள் மீட்டில் கூடுகிறோம்.

1. செய்முறை சொல்லிக்கொடுப்பதற்கான பெய்ட்டனின் நான்கு படி முறையைச் செய்து பார்ப்போம். முதலில் ஆசிரியர் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்துகாட்டுவார், அப்புறம் விளக்கிக்கொண்டே செய்வார், மூன்றாவதாக மாணவி சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார், கடைசியில் மாணவியே சொல்லிக்கொண்டு செய்வாள். அவசரத்தில் நாம் விடுவது மூன்றாம் படியைத்தான், ஆனால் மாணவிக்குக் குழப்பம் எங்கே என்று நமக்குத் தெரிவதும் அங்கேதான்.

2. ஆளுக்கு ஒரு செய்முறை தயார் செய்து வாருங்கள்: கேனுலா (ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போடுவது, பிபி பார்ப்பது, எதுவானாலும் சரி.

3. ஃபீட்பேக் சொல்லிப் பழகுவோம். "பரவாயில்லை, நல்லாப் பண்ணின" என்றால் மாணவிக்கு ஒன்றும் புரியாது. "டூர்னிக்கே (கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டியபடியே ரொம்ப நேரம் நரம்பு தேடின, அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டு" என்றால் அடுத்த முறை திருத்திக்கொள்வாள். இதையும் நோயாளி முன்னால் சொல்ல வேண்டாம், தயவுசெய்து.

4. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ஹார்டன் குழு கொண்டுவந்த ஓஎஸ்சிஇ தேர்வு முறைக்கு (மாணவர்கள் நிலையம் நிலையமாகப் போய்ச் செய்முறைகளைச் செய்துகாட்டும் தேர்வு) ஒரு செக்லிஸ்ட் சேர்ந்து எழுதுவோம்.

5. வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரையும் செய்முறையையும் இங்கே போடுங்கள். நைட் டூட்டி இருப்பவர்கள் தனியாகச் சொல்லுங்கள், மாலையில் இன்னொரு முறை வைக்கலாம்.