முந்நூறு மீட்டர் தள்ளி நின்னாலும் படம் வரும்ங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல பாய்மரக் கப்பல்ல துருவப் பக்கம் போயி போட்டோ எடுக்குற பயணத்தப் பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, ரெண்டு தடவ படிச்சேன். எழுதினவரு நல்லா உழைச்சுதான் எழுதியிருக்காரு, ஆனா முக்கால்வாசி இடம் எவ்ளோ செலவாகும், என்ன கேமரா, என்ன ஜாக்கெட்டுன்னே போயிடுச்சு, கடைசில இது காசு இருக்கிறவங்க பொழுதுபோக்குன்னு ஒரே வரில முடிச்சிட்டாரு. நான் கிருஷ்ணகிரில ஸ்டுடியோ வச்சிருக்கேங்க, கல்யாணம் காதுகுத்து மஞ்சள் நீராட்டுன்னு எடுக்குறவன், பல வருசம் சீட்டு கட்டி அந்தப் பணத்துல அப்டி ஒரு கப்பல்ல ஸ்வால்பார்டு வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன். செலவு பல லட்சம் ஆகும்ங்கறது உண்மைதான், அத நான் மறுக்கல. ஆனா அந்தப் பயணத்துல உண்மையிலேயே கத்துக்க வேண்டிய விசயம், அதாவது காட்டு விலங்குகிட்ட இருந்து தள்ளி நின்னு படம் எடுக்குற ஒழுங்கு, கட்டுரைல வரவே இல்ல, அது யானை வர்ற நம்ம மாவட்டத்துக்கு ரொம்ப தேவைப்படுறது, அதனாலதான் இந்த லெட்டர்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். ஸ்வால்பார்டுங்கறது நார்வேக்கும் வடதுருவத்துக்கும் நடுவுல இருக்குற தீவுக்கூட்டம், நார்வே கைல இருக்கு. லாங்இயர்பியன்னு ஒரு சின்ன ஊர்ல இருந்து கப்பல் கெளம்பும், அந்த ஊரே 78 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் 20 வாக்குல இருந்து ஆகஸ்டு 20 தாண்டுற வரைக்கும் அங்க சூரியன் மறையறதே இல்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வெளிச்சம் சாய்வா தங்க நிறத்துல வரும் பாருங்க, நம்ம ஊர்ல அந்த வெளிச்சம் சாயங்காலம் கொஞ்ச நேரந்தான் கெடைக்கும், அங்க மணிக்கணக்கா நிக்குது. நம்ம நாட்டுக்கும் அந்த எடத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு நெனைக்காதீங்க, 1920ல பாரிஸ்ல போட்ட ஸ்வால்பார்டு ஒப்பந்தத்துல இந்தியாவும் இருக்கு, அங்கயே நி-ஓலெசுன்ங்கற எடத்துல 2008ல இருந்து ஹிமாத்ரின்னு நம்ம ஆராய்ச்சி நிலையம் நடக்குது. போகணும்னு ஆசப்படுற பசங்களுக்கு ஒரு விசயம், ஸ்வால்பார்டுக்குன்னு தனியா விசா கெடையாது ஆனா நார்வே வழியாத்தான் போகணும் வரணும், ஸ்வால்பார்டு ஷெங்கன் எல்லைக்கு (ஒரே விசால போய் வரக்கூடிய ஐரோப்பா நாடுங்க கூட்டத்துக்கு) வெளிய இருக்குறதால ரெண்டு தடவ உள்ள நுழையிற மாதிரி ஷெங்கன் விசா வாங்கணும், ஒரு தடவ மட்டும் உள்ள விடுற விசான்னா திரும்பி வரும்போது சிக்கல்.

இப்ப கப்பலுக்கு வரேன். அந்தக் கடல்ல ஓடுற பாய்மரக் கப்பல் சிலது நூறு வருசத்துக்கு மேல பழசு. நூர்டர்லிக்ட்னு ஒண்ணு 1910ல ஜெர்மனில கட்டினது, ரெண்டு பாய்மரம், மொத்தமே இருபது பயணிகதான். அண்டார்டிகா பக்கம் அர்ஜென்டினாவோட உஷுவாயால இருந்து போற பார்க் யூரோப்பா 1911ல ஹாம்பர்க்ல கட்டினது. ரெண்டுமே ஒரு காலத்துல கடல்ல ஒரே எடத்துல நங்கூரம் போட்டு மத்த கப்பலுக்கு வெளக்கு காட்டிட்டு நின்ன கப்பலுங்க, பின்னாடிதான் பாய் கட்டி பயணத்துக்கு மாத்தினாங்க. எஞ்சினும் இருக்கும், காத்து இல்லன்னா எஞ்சின்லதான் ஓடும், முழுக்க முழுக்க பாய்லயே போறோம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஏன் சின்ன கப்பல்? நானும் முதல்ல பெரிய க்ரூஸ் கப்பல்லயே போயிடலாமே, லிஃப்ட்டு ஹீட்டரு எல்லாம் இருக்குமேன்னுதான் யோசிச்சேன். ஒகேனக்கல்ல தொங்கு பாலத்து மேல நின்னு ஆத்தப் பாக்குறதுக்கும் பரிசல்ல உக்காந்து அதே பாறைய நிமிந்து பாக்குறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் இருக்கோ அவ்ளோ வித்தியாசம் இங்கயும் இருக்குங்க. பெரிய கப்பல்ல ஏழாவது மாடில நின்னு வால்ரஸ (நீளமா ரெண்டு தந்தம் இருக்குற பெரிய கடல் மிருகம்) எடுத்தா முதுகுதான் வரும், பாய்மரக் கப்பல்ல டெக்கு தண்ணிக்கு பக்கத்துலயே இருக்கு, அதோட கண்ணு மட்டத்துல லென்ஸ் வருது. அப்புறம் சத்தம். பாய் ஏத்தி எஞ்சின ஆஃப் பண்ணிட்டா டெக்குல அதிர்வே இருக்காது, தூரத்துல இருக்குறத கிட்ட இழுத்துக் காட்டுற டெலி லென்ஸ் வச்சிருக்கிறவனுக்குத்தான் அதோட அரும தெரியும், எஞ்சின் அதிர்வுல ட்ரைபாட் வச்சாலும் பிரயோஜனம் கெடையாது. என்ன ஒண்ணு, காத்துல கப்பல் ஒரு பக்கமா சாஞ்சே போகும், அடிவானம் கோணலா நிக்கும், ஒரு கைல கயித்தப் புடிச்சிட்டு ஒரு கைல எடுக்கணும், ஷட்டர் ஸ்பீட ஆயிரத்துக்கு மேல வச்சுக்கணும்.

இதெல்லாத்தையும் விட பெரிய விசயம் ஆளு கம்மி. ஆளு கம்மின்னா காத்திருக்கலாம்ங்க. ஒரு மண் திட்டுல வால்ரஸ் கூட்டம் படுத்திருந்துச்சு, சப்தம் இல்லாம இறங்கி தூரமா ஒரே வரிசைல உக்காந்தோம், ரெண்டு பக்கமும் துப்பாக்கியோட கைடு, கரடி எந்தப் பக்கம் வரும்னு தெரியாது இல்ல. யாரும் பேசல. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்கல, எல்லாம் தூங்குது. அப்புறம் தண்ணில இருந்து ரெண்டு எளசுங்க தலைய நீட்டி அதுங்களா எங்களப் பாக்க வந்துச்சுங்க, மூக்கால புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதிக்கிட்டு. நாங்க ஒரு அடி நகரல. பெரிய கப்பல்ல இருந்து ஒரு கூட்டம் போனதும் அடுத்த கூட்டம்னு எறக்கிட்டே இருந்தா இந்த மாதிரி காத்திருக்க முடியுமா? அண்டார்டிகால அதனாலயே ஒரு எடத்துல ஒரு நேரத்துல நூறு பேருக்கு மேல கரைல நிக்கக் கூடாதுன்னு கணக்கு வச்சிருக்காங்க, ஐநூறு பயணிகளுக்கு மேல ஏத்துன கப்பல் ஆள கரைல எறக்கவே கூடாது. ஸ்வால்பார்டுல 1952 வரைக்கும் வால்ரஸ வேட்டையாடி கிட்டத்தட்ட அழிச்சே போட்டாங்க, அப்புறம் தடை போட்டுத்தான் இன்னைக்கு இவ்ளோவாவது திரும்பி வந்திருக்கு.

இனி கரடி. உங்க கட்டுரைல போட்டிருந்த வெள்ளக் கரடி படம் முழுப் பக்கத்துக்கு மூஞ்சி மட்டும், பாக்குறவங்க அஞ்சடி தூரத்துல நின்னு எடுத்தாங்கன்னு நெனைப்பாங்க. 2025 ஜனவரி 1ல இருந்து அங்க சட்டமே மாறிடுச்சுங்க. வெள்ளக் கரடிகிட்ட இருந்து 300 மீட்டர் தள்ளி இருக்கணும், மார்ச் 1ல இருந்து ஜூன் 30 வரைக்கும் 500 மீட்டர், குட்டி போட்ட தாய்ங்க குட்டியக் கூட்டிட்டு பனிக்கட்டி மேல சீல் வேட்டையாடுற காலம் அது. அத விட பக்கத்துல கரடி இருக்குன்னு தெரிஞ்சா நாமதான் வெலகிப் போகணும். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள 200 பயணிகளுக்கு மேல ஏத்துன கப்பல் வரவே கூடாது, கரைல எறங்கவும் குறிப்பிட்டு சொன்ன 43 எடம்தான். இந்த சட்டம் வந்தப்ப போட்டோகிராஃபருங்க நெறைய பேரு கோவப்பட்டாங்க, எங்க கப்பல்லயும் ஒருத்தரு இவ்ளோ தூரத்துல இருந்து என்னத்த எடுக்குறதுன்னு பொலம்பிட்டே வந்தாரு. அவரு வருத்தம் எனக்குப் புரியுது, 600 எம்எம் டெலி லென்ஸ் போட்டாலும் 500 மீட்டர்ல கரடி சின்னதாத்தான் தெரியும், குளிர்ந்த தண்ணி மேல காத்து அலையிறதுல ஷார்ப்பாவும் வராது.

ஆனா நான் எடுத்ததுலயே எனக்குப் புடிச்ச படம் அப்டி தூரத்துல இருந்து எடுத்த ஒரு கரடி படந்தாங்க. ஃப்ரேம் முழுக்க ஒடஞ்ச பனிக்கட்டி, பின்னாடி நீலமா பனியாறு, நடுவுல மஞ்சளா ஒரு பொட்டு மாதிரி கரடி நடந்து போகுது, அது எங்களத் திரும்பிக்கூட பாக்கல. மூஞ்சிய மட்டும் எடுத்திருந்தா அது எங்க நிக்குது, அதோட காலுக்கு அடில இருக்குற பனி எப்டி துண்டு துண்டா போயிட்டிருக்குன்னு யாருக்கும் தெரியாது, சர்க்கஸ்ல எடுத்தியான்னு கேப்பாங்க. இப்ப ஸ்டுடியோ சுவத்துல பெருசா ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன், பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வர்ற பசங்க எல்லாம் கிட்டப்போயி கரடியத் தேடுறாங்க.

குளிர்ல கேமராவ எப்டி பாத்துக்கறதுன்னு கட்டுரைல நல்லாவே சொல்லியிருந்தாங்க, பேட்டரி சீக்கிரம் எறங்கும் அதனால உள்சட்டை பாக்கெட்டுல உடம்பு சூட்டுல வச்சுக்கணும், கேபினுக்குள்ள வரும்போது கேமராவ காத்து போகாத கவர்ல போட்டு மூடிட்டுதான் வரணும் இல்லன்னா லென்ஸ்ல தண்ணி கோத்துக்கும். ஒண்ணு விட்டுட்டாங்க. பனி மேல கேமராவோட லைட் மீட்டர நம்புனா வெள்ளை எல்லாம் சாம்பலா வரும், எக்ஸ்போஷர, அதாவது உள்ள விடுற வெளிச்சத்த, ஒரு ஸ்டாப்பாவது ஏத்தணும். பட்டு வேட்டி கட்டின மாப்பிள்ளைய எடுத்துப் பழகின நம்ம ஊரு ஸ்டுடியோ பசங்களுக்கு இதச் சொல்லித்தரவே வேண்டாம்.

அந்தக் கடல்ல படம் எடுத்தவங்கள்ல எனக்கு மறக்க முடியாத ஆளு நீல்ஸ் ஸ்ட்ரிண்ட்பெரி. 1897ல ஆண்ட்ரேங்கற ஸ்வீடன்காரரு ஸ்வால்பார்டுல இருந்து வடதுருவத்துக்கு பலூன்ல கெளம்பினாரு, கூட ரெண்டு பேரு, அதுல போட்டோகிராஃபர் ஸ்ட்ரிண்ட்பெரி. பலூன் மூணு நாள்லயே பனிக்கட்டி மேல எறங்கிடுச்சு. மாசக்கணக்கா பனி மேல நடந்து குவிட்டோயாங்கற தீவுல போயி மூணு பேரும் செத்துப் போனாங்க. 1930லதான் உடம்பே கெடச்சுச்சு, கூடவே ஃபிலிமும். முப்பத்து மூணு வருசம் பனிக்குள்ள கெடந்த ஃபிலிம கழுவுனதுல 93 படம் வந்துச்சுங்க. டார்க் ரூம்ல வேல கத்துக்கிட்டவன் நான், டெவலப்பர் தட்டுல அந்த விழுந்து கெடக்குற பலூன் மெல்ல மெல்ல எழும்பி வந்தத பாத்தவங்களுக்கு கை எப்டி நடுங்கியிருக்கும்னு இன்னும் நெனச்சுப் பாக்குறேன்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். பனி உருகுறதப் படம் எடுக்க ப்ளைட்ல அவ்ளோ தூரம் போறதே அந்தப் பனிய உருக்குற வேலதானேன்னு என் பொண்ணு கேட்டா. அதுக்கு எங்கிட்ட முழுப் பதில் கெடையாது. பாய்மரக் கப்பல் எண்ணெய கொஞ்சம் மிச்சம் பண்ணலாம், ப்ளைட்டு விட்ட புகைய அது ஈடு கட்டாது, ஸ்வால்பார்டு உலக சராசரிய விட பல மடங்கு வேகமா சூடாகிட்டிருக்குற எடம் வேற. அதனாலதான் எல்லாரும் போங்கன்னு நான் எழுதல. அங்க இருக்குற ஒழுங்க இங்க கொண்டாங்கன்னு எழுதுறேன்.

வருசா வருசம் ராகி கதிர் முத்துற காலத்துல கர்நாடகாவோட பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைன்னு யானைக் கூட்டம் வருது, ஒரு கூட்டம் சானமாவு காட்டுல வந்து தங்கும். உங்க பேப்பர்லயே நியூஸ் போடுறீங்க. நியூஸ் வந்த அன்னைக்கே ராயக்கோட்டை ரோட்ல பைக்க நிறுத்திட்டு செல்போன தூக்கிட்டு ஓடுறாங்க, கத்துறாங்க, ஒருத்தன் ரீல்ஸுக்காக இன்னும் கிட்டப் போறான், பக்கத்துல பட்டாசு வெடிக்குது. யானை மெரண்டு ஓடுனா எங்க ஓடும்? அடுத்த வயல்லதான் ஓடும். ஒரு ஓரமா தின்னுட்டு போயிருக்க வேண்டிய கூட்டம் நாலு பேரோட பயிர மிதிச்சிட்டு போகுது, ஆளும் மிதிபடுறாங்க. வனத்துறை ஊழியருங்க யானையப் பாப்பாங்களா கூட்டத்தப் பாப்பாங்களா? எங்க தொழில்லயும் சில பேரு குட்டியோட நிக்கிற யானை பக்கம் போயி படம் எடுத்துட்டு அத பெருமையா ஸ்டேட்டஸ் போடுறாங்க, எனக்கு அதப் பாத்தா வயிறு எரியுது.

நான் கேக்குறது இதான். வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் சேந்து யானைக்கு இவ்ளோ மீட்டர்னு ஒரு தூரத்த எண்ணிக்கையாவே போட்டு ரோட்டோரம் போர்டு வைக்கட்டும், மீறுனா அபராதம். தூரமா இருங்கன்னு பொதுவா சொன்னா எவன் கேப்பான், 300ன்னு சொன்னாதான் கேப்பான். உண்மையிலேயே படம் எடுக்க ஆர்வம் இருக்குற பசங்கள பத்து பன்னெண்டு பேரா, வன ஊழியர் கூட, காத்து பாத்து ஒரு மேட்டுல உக்கார வச்சு காலைல ஒரு நேரம் மட்டும் எடுக்க விடலாம், அதுக்கு கட்டணம் வாங்கி பயிர் போன விவசாயிக்கே குடுக்கலாம். காவிரி வடக்கு சரணாலயம் 2014லயே அறிவிச்சாச்சு, கிருஷ்ணகிரி, தர்மபுரின்னு ரெண்டு மாவட்டத்துலயும் இருக்கு, அங்கயே ஆரம்பிக்கலாம்.

உங்க பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள்ங்க. யானை கூட செல்ஃபி எடுத்த வாலிபர்னு படத்த பெருசா போடாதீங்க, அதப் பாத்து இன்னும் பத்து பேரு கெளம்புறான். காட்டு விலங்கு படம் எது போட்டாலும் அடில எடுத்தவரு பேரு போடுற எடத்துலயே எவ்ளோ தூரத்துல இருந்து என்ன லென்ஸ்ல எடுத்ததுன்னும் ஒரு வரி போடுங்க. இந்த ராகி சீசன்ல இருந்தே ஆரம்பிச்சா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ வச்சிருக்கிற வாசகர்,
கிருஷ்ணகிரி.