நெட்வொர்க் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: அப்டேட்டுக்கு வழி விடுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

நெட்வொர்க்கின் வாசலில் நின்று வடிகட்டும் உங்கள் ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கும் அறுபது கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். ஃபயர்வால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அறுபதில் பாதிக்கு மேல் பல மாதமாக அப்டேட் இல்லாமல் கிடக்கின்றன. நான் புகார் கொடுக்கும்போதெல்லாம் உங்களிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: "பிரவுசரில் எல்லாம் வருகிறதே, அப்புறம் என்ன?"

பிரவுசருக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். இணையத்துக்குப் போகும் கோரிக்கைகளை நடுவில் நின்று அனுப்பும் உங்கள் ப்ராக்ஸி சர்வர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் தட்டிக் கொடுத்துவிடுவார். விண்டோஸ் அப்டேட் அப்படியில்லை. அது சிஸ்டம் கணக்கில் பின்னணியில் ஓடும் சேவை. நடுராத்திரியில் வெளியே போகப் பார்த்தால், உங்கள் ப்ராக்ஸி 407 என்ற பிழை எண்ணைச் சொல்லி அடையாளம் கேட்கிறது. அதனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, திரும்பிவிடுகிறது. போதாததற்கு, பிரவுசரில் போட்ட ப்ராக்ஸி அமைப்பு வேறு, அந்தச் சேவை முதலில் பார்க்கும், பின்னணிச் சேவைகளுக்கான வின்எச்டிடிபி அமைப்பு வேறு. சரி, அதைச் சரிசெய்வது என் வேலை. எல்லாக் கணினியிலும் செய்துவிட்டேன். லினக்ஸிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். டெர்மினலில் ப்ராக்ஸி முகவரியை ஒரு மாறியில் சொல்லிவிட்டு, நிர்வாகி உரிமையில் கட்டளையை ஓட்ட சுடோ போட்டால், வழக்கமாக அது அந்த மாறியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். மென்பொருள் தொகுப்புகளை இறக்கி நிறுவும் ஆப்ட்டின் சொந்த அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும் என்று புரிவதற்குள் எனக்கு அரை நாள் போனது.

என் கையை மீறியது, எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்புகளை நீங்கள் சோதிப்பதுதான். வருகிற எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, அனுப்பியது யார் என்று காட்டும் சான்றிதழுக்குப் பதில் உங்கள் சான்றிதழை ஒட்டி மூடி அனுப்புகிறீர்கள். அந்தச் சான்றிதழைக் கணினியில் நிறுவியிருப்பதால் பிரவுசர் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் அப்டேட் யாருடைய சான்றிதழ் வர வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறது. வேறு எது வந்தாலும் தொடர்பை முறித்துக்கொள்ளும். ஆப்பிளும் தன் சேவைகளை இடைமறித்தால் வேலை செய்யாது என்றே சொல்கிறது. இது முரண்டு இல்லை. நடுவில் யாரோ அப்டேட்டை மாற்றி வைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அந்தக் கோப்புகளில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸின் தொகுப்புகள் பூட்டில்லாத சாதாரண எச்டிடிபியில் வந்தாலும் ஆப்ட் நம்பி நிறுவுவது அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்துத்தான்.

போன முறை "ஐபி எண்களைக் கொடுங்கள், திறந்துவிடுகிறோம்" என்றீர்கள். கொடுக்க முடியாது. இந்தக் கோப்புகள் சிடிஎன் எனப்படும், பல இடங்களில் பரவிய சர்வர்கள் வழியாக வருகின்றன. இன்றைய எண் நாளை இருக்காது. விண்டோஸ்அப்டேட் டாட் காம் போன்ற டொமைன் பெயர்களைத்தான் அனுமதிக்க வேண்டும். கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும் கோரிக்கைகளையும் ப்ராக்ஸி தடுக்கக் கூடாது. பெரிய அப்டேட்டுகள் பூஜ்ஜியம் சதவீதத்திலேயே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாகிரை புழு உங்களுக்கு மறந்திருக்காது. மைக்ரோசாஃப்ட் அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் பேட்சை 2017 மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. புழு பரவத் தொடங்கியது மே 12. இடையில் எட்டு வாரத்துக்கு மேல் இருந்தும் பேட்ச் போய்ச் சேராத கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின, பிரிட்டன் மருத்துவமனைகள் உட்பட. ஒரு கணினிக்குள் நுழைந்தால் போதும், பக்கத்துக் கணினிக்கு, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் வழியாக அதுவே தாவியது. வாசலில் நிற்கும் ஃபயர்வால் உள்ளே நடக்கும் அந்தத் தாவலைப் பார்ப்பதே இல்லை.

நான் கேட்பது இதுதான். அந்த டொமைன்களுக்கு மட்டும் கடவுச்சொல்லும் பிரித்துப் பார்ப்பதும் வேண்டாம் என்று ஒரு விதி எழுதுங்கள். அறுபது கணினிக்கும் அப்படித் திறக்கத் தயக்கமாக இருந்தால், ஒரே ஒரு சர்வருக்குத் திறங்கள். அப்டேட்டுகளை ஒரு முறை இறக்கி வைத்து உள்ளே பகிரும் மென்பொருள்கள் இருக்கின்றன: விண்டோஸுக்கு டபிள்யூஎஸ்யூஎஸ், டெபியனுக்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி. இரண்டையும் அதில் நானே நிறுவுகிறேன். மற்ற கணினிகள் உள்ளுக்குள்ளேயே 8530, 3142 போர்ட்களில் வாங்கிக்கொள்ளும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது: ஒரே கோப்பை அறுபது முறை வெளியிலிருந்து இழுக்க வேண்டியதில்லை. டபிள்யூஎஸ்யூஎஸ்ஸில் இனிப் புது வசதிகள் வராது என்று 2024இல் மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது, ஆனாலும் நம் தேவைக்கு அது போதும்.

விண்டோஸின் மாதாந்திர அப்டேட் இரண்டாம் செவ்வாயில் வரும். அதற்கு முந்தைய வாரம் ஏதாவது ஒரு மாலை ஒதுக்குங்கள். நான் ஒரு கணினியோடு வருகிறேன், நீங்கள் ப்ராக்ஸி லாகைத் திறந்து வையுங்கள். எந்தக் கோரிக்கை எங்கே விழுகிறது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
அந்த அறுபது கணினிகளின் பொறுப்பாளன்